வேல் எறிந்தவன் யார்?

(ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் விவரம்)



இன்று பேசுவதற்கு விஷயம் தேடவேண்டிய கஷ்டம் நமக்கு இல்லாமற் போய்விட்டது. சென்ற தடவை இவ்வூருக்கு நாம் வந்திருந்தபோது, கூட்டம் முடிந்து ஜமுக்காளத்தைச் சுருட்டுகின்ற சமயத்தில் ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "அய்யா, நீங்கள் ராமனைச் சொல்லுங்கள், கிருஷ்ணனைச் சொல்லுங்கள், கேட்டுக் கொள்ளுகிறோம். முருகனிடத்தில் மாத்திரம் வராதீர்கள். அவன் தமிழன் தெய்வம். வேல் தமிழன் ஆயுதம். அந்த வேலின் சக்தி இல்லாவிட்டால் நம் பாட்டன் பூட்டன்மார் எதைக்கொண்டு சண்டையில் ஜெயித்தார்கள்?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் அன்றைக்கு நாம் ஒன்றும் சொல்லமுடியவில்லை. அவர் இன்றும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார். சந்தோஷம். அவரைப் பரிகசிக்க நாம் வரவில்லை. ஏனெனில் அவர் கேள்வியில் பாதி நியாயம் இருக்கின்றது. வேல் நம்முடைய ஆயுதந்தான். நம் பாட்டன் பூட்டன்மார் அதைக் கொண்டு சண்டை செய்ததும் நிஜந்தான். அந்த வேலினை எறிந்தவன் யார், அதன் பெருமை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் நமக்கும் அவருக்கும் உள்ள வழக்கு.

முதலில் வேல் என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு நீண்ட கழி, அதன் நுனியில் ஒரு கூர், அவ்வளவுதான். அதைக் கையில் பிடித்துக் கொண்டு குத்தலாம். தூரத்திலிருந்து எறியவும் செய்யலாம். குத்துகிறவனுக்கு ஆயுதம் கையிலேயே இருக்கும், ஆனால் எதிரியின் ஆயுதம் தன்மேல் படுகிற தூரத்துக்கு அவன் போகவேண்டும். எறிகிறவனுக்கு அந்த ஆபத்துக் குறைவு. ஆனால் அவனுக்கு வேறு கவலைகள் உண்டு. குறி தப்பிவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. எறிந்தபின் கை வெறுங்கையாய்ப் போய்விடுகிறதே என்பது இன்னொன்று. இவை இரண்டையும்விட மோசமானது, நாம் எறிந்த ஈட்டியையே எதிரி பொறுக்கி நம்மேல் எறிந்துவிடுவானே என்பது. எறிந்த ஈட்டி திரும்பி வருவதுண்டு. ஆனால் கைக்கு வராது, மார்புக்கு வரும்!

இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. வள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் ஒரு வீரனைக் காட்டுகின்றார். அவன் கையிலிருந்த ஒரே வேலினை யானைமேல் எறிந்துவிட்டான். இனி என்ன செய்வதென்று ஆயுதம் தேடி வருகின்றான். அப்போது தன் உடம்பிலேயே எதிரியின் வேல் ஒன்று தைத்திருப்பதைப் பார்க்கின்றான். அதைப் பிடுங்கிக் கொண்டு சிரிக்கின்றான். இது 774-வது குறள். இதிலே தேவலோகம் இல்லை, வரம் இல்லை, மந்திரம் இல்லை. எறிந்த வேல் போய்விடும் என்கின்ற உண்மையும், அதனால் வந்த முடையும், அந்த மனிதனின் துணிச்சலுந்தான் இருக்கின்றன. கண்ணால் கண்டவர் எழுதினாற்போல இருக்கின்றதல்லவா?

இனிப் புராணக்காரர்களிடம் வருவோம். சூரபதுமன் கடலுக்குள்ளே மாமரமாய் நின்றானாம். முருகன் வேலினை எறிந்தானாம். அது மரத்தை இரண்டாகப் பிளந்ததாம். ஒரு பாதி மயிலும் ஒரு பாதி சேவலும் ஆயினவாம். வேலோ திரும்பி முருகன் கைக்கே வந்து சேர்ந்ததாம். தோழர்களே, இந்த வேலுக்குக் குறி தப்புவது என்பதே இல்லை. கையைவிட்டுப் போய்விடுவது என்பதும் இல்லை. எதிரி எடுத்து எறிவான் என்கின்ற பயமும் இல்லை. குறளில் வரும் வீரனுக்கு என்னென்ன கவலைகள் இருந்தனவோ, அவற்றில் ஒன்றுகூட முருகனுக்கு இல்லாதபடி கதை கட்டப்பட்டிருக்கின்றது. ஏழை தன் கனவில் தீராத பானைச் சோற்றைக் காண்கிறான் அல்லவா? அதைப்போல ஈட்டிக்காரன் கண்ட கனவு இது.

இது நம் நாட்டில் மாத்திரம் நடந்த காரியம் என்றும் நினைத்துவிடாதீர்கள். வடக்கே ஐரோப்பாவில் நார்வே முதலிய தேசத்தார் ஓடின் என்று ஒரு கடவுளை வைத்திருந்தார்கள். அவனுக்கும் ஒரு ஈட்டி. அதற்குக் குங்னீர் என்று பேர். அதையும் யாராலும் தடுத்து நிறுத்த முடியாதாம். கிரேக்கர்களுடைய கதையில் இதைவிட வேடிக்கை இருக்கின்றது. ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் இலியத் என்ற காவியத்தில் அக்கிலீஸ் என்பவனும் ஹெக்டர் என்பவனும் நேருக்கு நேர் நிற்கின்றார்கள். அக்கிலீஸ் முதலில் ஈட்டியை எறிகின்றான். ஹெக்டர் குனிந்துகொள்ள, அது தலைக்குமேலே போய் மண்ணில் குத்தி நிற்கின்றது. அப்போது அதீனா என்கின்ற பெண் தெய்வம் அந்த ஈட்டியைப் பிடுங்கி, ஹெக்டருக்குத் தெரியாமல் அக்கிலீஸ் கையில் கொடுத்துவிடுகின்றது. பிறகு ஹெக்டர் எறிகின்றான். அது அக்கிலீஸின் கேடயத்தில் பட்டுத் தெறித்துப் போகின்றது. இன்னொரு ஈட்டி தரும்படி பக்கத்தில் நின்ற தம்பியைக் கூப்பிடுகின்றான். தம்பியைக் காணோம்! தம்பி வேஷத்தில் வந்து அவனை நிற்கவைத்ததே அந்தத் தெய்வந்தான். கோலி விளையாட்டில் ஒரு பையன் இப்படிச் செய்தால் மற்றப் பையன்கள் அவனைச் சும்மா விடுவார்களா? தெய்வம் செய்தால் அதற்குப் பெயர் திருவருள்!

இதுவாவது பித்தலாட்டம். பாரதத்தில் வருவது அதைவிடக் கொடுமை. இந்திரன் கர்ணனுக்கு ஒரு சக்தி ஆயுதம் கொடுக்கின்றான். அது தப்பாது, ஆனால் ஒரே தடவைதான் எறியலாம், எறிந்தவுடன் இந்திரனிடமே போய்விடும். கர்ணன் அதை அர்ச்சுனனுக்கென்று பத்திரமாய் வைத்திருக்கின்றான். ராத்திரி யுத்தத்தில் கடோற்கசன் வந்து சேனையை நாசம் செய்யவே, வேறு வழியில்லாமல் அவன்மேல் எறிந்துவிடுகின்றான். கடோற்கசன் யார்? பீமனுக்குக் காட்டுப் பெண்ணாகிய இடும்பியிடத்தில் பிறந்த பிள்ளை. தகப்பன் கட்சிக்காக உயிரை விட்டவன். பாண்டவர் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது கிருஷ்ணன் சந்தோஷத்தால் கூத்தாடினான் என்று துரோண பருவத்தில் எழுதியிருக்கின்றது. அவன் பிராமணரையும் யாகத்தையும் வெறுப்பவன், கர்ணன் கொல்லாவிட்டால் பிற்பாடு நானே கொல்ல வேண்டியிருந்திருக்கும் என்றும் கிருஷ்ணன் சொல்லுகின்றான். சாவதற்குக் காட்டுமிராண்டி வேண்டும். ஜெயித்தபின் அவன் வேண்டாம். ஒரு வேலின் கதைக்குள்ளே எதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

நிற்க, இந்தக் கவலைகளைக் கதையினால் தீர்த்துக் கொண்டவர்களைப் பார்த்தோம். கையினாலும் மூளையினாலும் தீர்த்துக் கொண்டவர்களைப் பார்ப்போம்.

ஜெர்மனி தேசத்தில் ஷோனிங்கன் என்று ஓர் ஊர். அங்கே பழுப்பு நிலக்கரி வெட்டுகின்ற சுரங்கத்தில் 1990-களில் மரத்தாலான ஈட்டிகள் பலவற்றைக் கண்டெடுத்தார்கள். பக்கத்திலேயே கொன்று தின்ற குதிரைகளின் எலும்புகள். வயது 3 லட்சம் ஆண்டு என்று முதலில் கணக்கிட்டார்கள். மேற்கொண்டு ஆராய்ந்தவர்கள் 2 லட்சம் ஆண்டு என்று இப்போது குறைத்திருக்கிறார்கள். குறைத்துச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் யுகக் கணக்கில் எந்தச் சாஸ்திரியாவது ஒரு நாள் குறைத்துச் சொன்னதுண்டா? அந்த ஈட்டிகளைச் செய்தவர்கள் இன்றைய மனித இனம்கூட அல்ல. நமக்கு முந்திய இனத்தார். அவர்கள் மரத்தின் அடிப்பாகத்தில் வைரம் பாய்ந்திருக்கும் என்று அறிந்து, அந்தப் பக்கத்தையே முனையாகச் சீவியிருக்கிறார்கள். தண்டின் நடுவிலுள்ள மெத்தென்ற பாகம் முனையில் வராதபடி ஒதுக்கியிருக்கிறார்கள். 2019-இல் ஈட்டி எறியப் பழகிய ஆட்களிடம் அதே மாதிரி ஈட்டிகளைச் செய்து கொடுத்துப் பரீட்சித்தபோது, 20 மீட்டர் தூரத்தில் குறியை அடிக்க முடிந்தது. வேதமும் பைபிளும் குர்ஆனும் பிறப்பதற்கு லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்னே நடந்த காரியம் இது. அவர்களுக்கு எந்தத் தாய் வேல் கொடுத்தாள்?

பிறகு தூரம் போதவில்லை என்று கண்டார்கள். கவண் வைத்துக் கல் எறிகிற பையனுக்கு, வெறுங்கையைவிடக் கவணில் கல் ஏன் தூரம் போகிறது என்பது தெரியும். கை நீண்டாற்போல ஆகிறது. இதே யோசனையை ஈட்டிக்குச் செய்தார்கள். நுனியில் கொக்கியுள்ள ஒரு கட்டை. ஈட்டியின் பின்முனையை அந்தக் கொக்கியில் பொருத்திக் கட்டையைப் பிடித்து வீசினால் ஈட்டி அதிக வேகத்தோடு போகும். பிரான்சு தேசத்துக் குகைகளில் இத்தகைய கட்டைகள் 17,000 வருஷத்துக்குக் குறையாத பழமையுள்ளவையாகக் கிடைத்திருக்கின்றன. மெக்சிகோ தேசத்தார் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளும் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் போய், "இவர்கள் ஒன்றும் அறியாத காட்டு ஜனங்கள்" என்று எழுதிவைத்தான். அவன் கையில் துப்பாக்கி இருந்தபடியால் அது சரித்திரமாகிவிட்டது.

கிரேக்கர்கள் வேறு மாதிரி செய்தார்கள். ஈட்டியின் நடுவிலே ஒரு தோல்வாரைச் சுற்றி, அதன் கண்ணியில் இரண்டு விரலை மாட்டிக்கொண்டு எறிந்தார்கள். பம்பரத்தில் கயிற்றைச் சுற்றி வீசினால் பம்பரம் எப்படிச் சுழலுகின்றதோ, அப்படியே ஈட்டியும் சுழன்றுகொண்டு போகும். சுழலுவது தடுமாறாது. ஆகவே தூரமும் கூடிற்று, குறியும் நேரானது. தெய்வம் வந்து நேராக்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு முழத் தோல்வார் அதைச் செய்துவிட்டது!

மூன்றாவது கவலை, அதாவது எதிரி திருப்பி எறிவது, அதை ரோமர்கள் தீர்த்தார்கள். அவர்களுடைய எறியீட்டிக்குப் பைலம் என்று பேர். கழிக்கும் முனைக்கும் நடுவே மெல்லிய இரும்புக் கம்பி சுமார் இரண்டடி நீளம் இருக்கும். முனை கம்பியைவிடச் சற்றுப் பெரிது. ஆதலால் கேடயத்தில் முனை போட்ட ஓட்டை வழியே கம்பி தடையில்லாமல் உள்ளே ஓடி, கேடயத்துக்குப் பின்னால் இருக்கிறவனைத் தொடும். ஆளைத் தொடாவிட்டாலும் கேடயத்தில் மாட்டிக்கொண்டு தொங்கும். சுலபத்தில் பிடுங்க முடியாது. கிறிஸ்து பிறப்பதற்கு 58 வருஷம் முன்னே நடந்த ஒரு சண்டையைச் சீசர் எழுதியிருக்கிறார். ஒரே ஈட்டி இரண்டு கேடயங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டதாம். எதிரிகள் கையை உதறி உதறிப் பார்த்து, முடியாமல் கேடயத்தையே எறிந்துவிட்டுத் திறந்த உடம்போடு சண்டை செய்தார்களாம். அதற்கு முன்னரே, கி.மு. 101-இல், மாரியஸ் என்ற தளபதி கம்பியையும் கழியையும் சேர்க்கின்ற இரண்டு இரும்பு ஆணிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மர ஆணி போடச் சொன்னார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஈட்டி போய்த் தைத்தவுடன் மர ஆணி முறியும். கழி தளர்ந்து தொங்கும். அதை எடுத்து யாரும் திருப்பி எறிய முடியாது. முருகன் வேல் கைக்குத் திரும்ப வருகிறது என்று பாடியவனைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. எதிரிக்குப் பயன்படாமல் செய்ய ஒரு மர ஆணி போதும் என்று கண்ட மூளையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இனி நாம் சொல்லப்போவது, சுயமரியாதைக்காரர் எல்லாரும் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சண்டை.

கிரேக்க தேசத்திலே ஸ்பார்ட்டா என்று ஒரு ராஜ்யம். அந்த ஊர்க் குடிமக்களுக்கு உழவு கிடையாது, தொழில் கிடையாது. அடிமைகள் உழுது போட, இவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சண்டை பழகுவதே வேலை. கனத்த கேடயம், நீண்ட குத்தீட்டி இவற்றோடு தோளோடு தோள் நின்று போர் செய்வதுதான் ஆண்மை என்பது அவர்கள் சாஸ்திரம். எட்டி நின்று எறியீட்டி எறிகிறவன் அவர்களுக்கு ஒரு மனிதனே அல்ல. எறியீட்டிக்காரன் யார்? கவசம் வாங்கக் காசில்லாத ஏழை; இல்லாவிட்டால் கூலிக்கு வந்த அந்நியன். இலேசான சிறு கேடயமும் நாலைந்து ஈட்டிகளுந்தான் அவன் சொத்து. தங்களோடு சேர்ந்திருந்த வேறு ஊரார் இந்த ஈட்டிக்காரருக்குப் பயப்படுவதைப் பார்த்து, "பூச்சாண்டிக்குக் குழந்தை பயப்படுகிற மாதிரி பயப்படுகிறீர்களே" என்று ஸ்பார்ட்டாக்காரர் கேலி செய்தார்களாம்.

ஆதென்சு பட்டணத்துப் படையில் அந்த ஈட்டிக்காரர்களுக்குத் தலைவனாக இருந்தவர் இபிக்ராட்டீஸ். இவர் செருப்புத் தைக்கிறவருடைய மகன் என்று பழைய நூல்கள் சொல்லுகின்றன. பெரிய குலத்தில் பிறந்த ஒருவன் இவருடைய பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, என் குலம் என்னோடு ஆரம்பிக்கிறது, உன் குலம் உன்னோடு முடிகிறது என்று பதில் சொன்னாராம். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய சுயமரியாதைக்காரர் என்று நாம் அவரைச் சொல்லிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கி.மு. 390 வாக்கில் கொரிந்து என்ற பட்டணத்துக்குப் பக்கத்தில், லெக்கேயம் என்னும் துறைமுகத்தில் ஸ்பார்ட்டாக்காரர் படையொன்று இருந்தது. அதில் அமிக்ளே என்ற ஊரார் சிலர் இருந்தார்கள். அவர்கள் ஊர்த் திருவிழா வந்துவிட்டது. யுத்தகளத்தில் இருந்தாலும் சரி, எங்கே இருந்தாலும் சரி, திருவிழாவுக்குப் போய்ச் சாமிக்குப் பாட்டுப் பாடியே ஆகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சண்டை நடக்கும்போது! அவர்களை வழியனுப்ப 600 பேருள்ள ஒரு பட்டாளமும் குதிரைப்படையும் துணைக்குப் போயின. கொஞ்ச தூரம் கொண்டுபோய் விட்டுவிட்டு, குதிரைப்படையை இன்னும் சற்றுத் தூரம் போய்வரும்படி சொல்லி, அந்த 600 பேரும் கொரிந்துப் பட்டணத்து மதில் ஓரமாகவே திரும்பி நடந்து வந்தார்கள். நம்மை யார் தொடுவான் என்கின்ற திமிர்.

மதில்மேல் இருந்தவர்கள் பார்த்தார்கள். குதிரையும் இல்லை, ஈட்டி எறிகிறவர்களும் இல்லை. இபிக்ராட்டீஸ் தன் ஆட்களை வெளியே விட்டார். அவர்கள் கிட்டே போகவில்லை. எட்டி நின்று எறிந்தார்கள். ஆட்கள் விழவே, ஸ்பார்ட்டாத் தலைவன் தன் வாலிபர்களைத் துரத்தச் சொன்னான். கனத்த கவசக்காரன் ஓடி இலேசான ஆளைப் பிடிக்க முடியுமா? அவர்கள் ஓடிப்போய்விட்டார்கள். துரத்தினவர்கள் களைத்துச் சிதறித் திரும்புகிறபோது, இவர்கள் மறுபடியும் வந்து முதுகிலும் விலாவிலும் எறிந்தார்கள். மறுபடியும் துரத்தினார்கள், மறுபடியும் அதே கதி. குதிரைப்படை வந்தது; அதுவும் தனியே பாய்ந்து துரத்தாமல், கவசக்காரரோடு ஒரே வரிசையாய் ஓடிக் காரியத்தைக் கெடுத்தது. கடைசியில் கடலோரம் ஒரு மேட்டிலே ஒடுங்கி நின்றார்கள். ஆதென்சின் கவசப் படையும் வரக்கண்டு சிதறி ஓடினார்கள், சிலர் கடலில் விழுந்தார்கள். சுமார் 250 பேர் செத்தார்கள். இதை எழுதிவைத்த செனபோன் என்பவர் ஸ்பார்ட்டாவிடம் அபிமானமுள்ளவர். ஆகையால் அவர்களைக் குறைவாகச் சொல்லியிருப்பார் என்று நினைக்க இடமில்லை.

குல கர்வம் பிடித்த பட்டாளத்தைச் செருப்புத் தைக்கிறவருடைய மகனும் காசில்லாத ஈட்டிக்காரர்களும் ஒழித்துவிட்டார்கள். எதைக் கொண்டு? யோசனையைக் கொண்டு. அந்தப் பட்டாளம் அந்த வழியில் அகப்பட்டதற்குக் காரணம் ஒரு சாமி திருவிழா. அந்தச் சாமி வந்து ஒரு ஈட்டியையாவது தடுத்ததா?

இதைக் கேட்டுவிட்டு, "மனிதர் திறமையும் இருக்கட்டும், அதோடு தெய்வ நம்பிக்கையும் இருந்தால் என்ன நஷ்டம்? ஒரு தைரியந்தானே?" என்று சிலர் கேட்பார்கள். இக்கேள்விக்குப் பதில் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை, துக்கமே வருகின்றது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்று தான்சானியா என்று சொல்லப்படும் தேசத்தை ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்தார்கள். ஏழை ஜனங்களைக் கட்டாயப்படுத்திப் பருத்தி பயிரிடச் செய்தார்கள். தன் வயிற்றுக்குத் தானியம் விதைக்க நேரமில்லை. அடி, உதை, வரி. ஜனங்கள் பொறுக்கமாட்டாமல் 1905 ஜூலையில் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்து கலகம் செய்தார்கள். அந்தக் கலகம் முழுவதும் நியாயமானது. அவர்கள் கையில் இருந்தது ஈட்டியும் வில்லும், சில பழைய மருந்துத் துப்பாக்கிகளும். கிஞ்ஜிகிட்டிலே என்ற ஒரு சாமியாடி, தன்னிடம் மந்திரத் தண்ணீர் இருக்கிறது, அதைத் தெளித்துக்கொண்டால் வெள்ளைக்காரன் துப்பாக்கிக் குண்டு தண்ணீராய்ப் போய்விடும் என்று சொன்னான். அந்த ஊர்ப் பாஷையில் தண்ணீருக்கு மாஜி என்று பேர். கலகத்துக்கே மாஜி மாஜி என்று பேர் வந்துவிட்டது. இவனை ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானியர் தூக்கிலிட்டார்கள். தண்ணீர் மாத்திரம் ஊர் ஊராய்ப் பரவிற்று.

அதே ஆகஸ்டு 30-ந் தேதி மஹெங்கே என்ற கோட்டையின்மேல் ஆயிரக்கணக்கானவர்கள் ஈட்டியோடு வந்தார்கள். ஒளியவில்லை, பதுங்கவில்லை. குண்டு தண்ணீராகிவிடும் என்கிற நம்பிக்கையோடு வெட்டவெளியில் வரிசையாய் நடந்து வந்தார்கள். கோட்டையில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். ஈட்டி எத்தனை கஜம் போகும், அந்தத் துப்பாக்கிக் குண்டு எத்தனை கஜம் போகும்? முன்னே வந்தவர்கள் விழுந்தார்கள். பின்னே வந்தவர்கள் அவர்களைத் தாண்டி வந்து விழுந்தார்கள். பிறகு ஜெர்மானியர் பயிரையும் களஞ்சியத்தையும் எரித்தார்கள், பஞ்சம் வந்தது. 1907-இல் கலகம் அடங்குவதற்குள் 75,000 பேர் செத்தார்கள் என்பது ஜெர்மானியர் கணக்கு. 2½ லட்சத்திலிருந்து 3 லட்சம் வரை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

அந்தத் தண்ணீர்தானே இருபதுக்கு மேற்பட்ட ஜாதியாரை ஒன்று சேர்த்தது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகின்றது. அது வாஸ்தவந்தான். ஒன்று சேர்த்துத் துப்பாக்கி வாய்க்கு முன்னே கொண்டுபோய் நிறுத்திற்று. காட்டுக்குள் பதுங்கி, இபிக்ராட்டீஸ் செய்தாற்போல எட்டி நின்று அடித்து ஓடி மறைந்து சண்டை செய்யக்கூடியவர்கள் அவர்கள். பிற்பாடு அவர்களில் பலர் அப்படியே செய்யவும் செய்தார்கள். முதலிலேயே அப்படிச் செய்யவிடாமல் தடுத்தது எது? அந்தக் கள்ளத் தைரியந்தான்.

அதே ஆப்பிரிக்காவில், அதற்கு 9 வருஷம் முன்னே, 1896 மார்ச்சு 1-ந் தேதி எத்தியோப்பியாவின் மெனெலிக் ராஜா அட்வா என்ற இடத்தில் இத்தாலிப் படையை முறியடித்தார். அவர் பல வருஷங்களாகத் துப்பாக்கியும் பீரங்கியும் வாங்கிச் சேர்த்துவைத்தார். அவர் நல்ல கிறிஸ்தவர், சாமி கும்பிடுகிறவர், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சாமி குண்டைத் தண்ணீராக்கும் என்று நினைத்துக் கொண்டு அவர் ஈட்டியோடு மாத்திரம் போகவில்லை.

இப்போது பெரியவர் கேள்விக்கு வருவோம். அய்யா, உங்கள் பாட்டனார் வேல் எறிந்தார், ஜெயித்தார். அவர் கையை நாம் கும்பிடத் தயார். அந்த வேலினை அடித்துக் கொடுத்தவன் யார்? ஊர்க் கொல்லன். புறநானூற்றிலே ஒரு தாய் மகனைப் பற்றிச் சொல்லும்போது, வேல் செய்து கொடுக்க வேண்டிய கடமை கொல்லனுக்கு என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறாள், 312-ஆவது பாட்டு. அங்கே ராஜாவுக்கும் கடமை உண்டு, கொல்லனுக்கும் கடமை உண்டு, இருவரும் ஒரே பாட்டில் நிற்கின்றார்கள். தெய்வத்துக்கு அங்கே வேலை ஒன்றும் கொடுக்கப்படவில்லை. பின்னால் வந்தவர்கள் கொல்லனை எடுத்துவிட்டார்கள். சிக்கலில் தாயிடத்தில் முருகன் வேல் வாங்கினான் என்று ஒரு கதை. வருஷா வருஷம் உற்சவம். விஷ்ணு புராணத்தைப் பார்த்தாலோ, விசுவகர்மா சூரியனைக் கடைந்து சீவி, விழுந்த தூளில் விஷ்ணுவுக்குச் சக்கரமும் சிவனுக்குச் சூலமும் கந்தனுக்கு வேலும் செய்தான் என்று எழுதியிருக்கின்றது. எது நிஜம்? இரண்டும் நிஜமாக இருக்க முடியாது. இரண்டாவது கதையில் ஒரு உண்மை மாத்திரம் தப்பித்தவறி வெளியே வந்துவிட்டது. அதாவது கடவுளுக்கும் ஆயுதம் வேண்டுமானால் உலைக்களத்துக்காரனிடந்தான் போகவேண்டும்! ஓடினுடைய ஈட்டியையும் குள்ளக் கொல்லர்கள்தான் செய்தார்கள் என்று அந்த ஊர்க் கதை சொல்லுகின்றது. சரி, அந்த உலைக்களத்துக்காரன் தான் அடித்துக் கொடுத்த வேலினைக் கும்பாபிஷேகத்துக்குப் பிறகு கர்ப்பக்கிருகத்துக்குள்ளே போய்த் தொடட்டும் பார்க்கலாம். தொட்டால் தீட்டாம். அடிக்கும்போது ஒட்டாத தீட்டு, நிறுத்திவைத்த பிறகு எங்கேயிருந்து வந்து ஒட்டிக்கொள்ளுகிறது? பெரியவர் கோபித்துக் கொள்ளாமல் இதற்குப் பதில் யோசிக்க வேண்டுகிறோம்.

சீட்டுகள் சில வந்திருக்கின்றன. ஒன்றுக்கு மாத்திரம் இப்போது பதில் சொல்லிவிடுகிறோம். "ஒலிம்பிக்கில் இந்தியரும் பாகிஸ்தான்காரரும் ஈட்டி எறிந்து ஜெயித்தார்களே, அது பகவான் அருள் என்று அவர்கள் வீட்டாரே சொல்லவில்லையா?" என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். 2024-இல் பாரிஸ் நகரத்தில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். இந்தியாவின் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார். அருள் என்றால் ஒரு பகவான் இன்னொரு பகவானை 3.52 மீட்டரில் தோற்கடித்துவிட்டார் என்று ஆகும். அந்தச் சண்டைக்குள் நாம் போகவில்லை. நீரஜின் தாயார், ஜெயித்த அந்தப் பையனும் என் பிள்ளை மாதிரிதான் என்று சொன்னாரே, அந்தப் பேச்சு நமக்குப் போதும்.

ஈட்டி எங்கே விழவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு ஒரு விஷயம் சொல்லி நிறுத்திக் கொள்ளுகிறோம். 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் என்பவர் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் போனால் மைதானத்தையே தாண்டி ஜனங்கள்மேல் விழும் என்று பயம் வந்துவிட்டது. மைதானத்தைப் பெரிதாக்கவில்லை; பூஜையும் போடவில்லை. விளையாட்டுச் சங்கத்தார் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஈட்டியின் பாரம் நிற்கின்ற இடத்தை 4 சென்டிமீட்டர் முன்னே தள்ளிச் செய்யவேண்டும் என்று 1986 முதல் விதி போட்டார்கள். எடை அதே 800 கிராம்தான். முனை சீக்கிரமே தலைகுனிந்து இறங்க ஆரம்பித்தது. ஹோன் எறிந்த தூரம் பழைய கணக்கில் போய்ச் சேர்ந்தது. புது ஈட்டியில் 1996-இல் யான் ஷெலெஸ்னி எறிந்த 98.48 மீட்டர்தான் உச்சமாய் நின்றது.

மற்றச் சீட்டுகளை வாங்கி வைத்திருக்கிறோம். அலகு குத்துவதைப் பற்றிக் கேட்டவர் கொஞ்சம் இருந்தால், கூட்டம் முடிந்தபின் பேசலாம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறதாகத் தலைவர் சொல்லுகிறார்.